கண்ணை மூடாத இருவர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆற்றில் தண்ணீர் வந்து சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு சிறைச்சாலைக்குச் சனிக்கிழமை மத்தியானங்களில் போய், கைதிகளுக்குப் புத்தர் சொன்ன தியானத்தைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முன்கோபக்காரி. பி.பி. ஏறி டாக்டர் மிரட்டியதால் ஒரு தியான முகாமுக்குப் போனேன். போன இடத்தில் புத்தரைப் பிடித்துப் போய்விட்டது. அதற்காகச் சாமி கும்பிடுவதை விட்டுவிடவில்லை. முதல் நாளே ஒரு கைதி, "புத்தர்ங்கறீங்க, நெத்தியில விபூதி இருக்கே டீச்சர்?" என்று கேட்டார். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெயிலில் அமைதி சொல்லித்தரப் போகிறேன் என்றபோது என் வீட்டுக்காரர், "மொதல்ல நம்ம வீட்டு அடுப்படியில ஒரு வகுப்பு எடு" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

சிறையில் ஒவ்வொரு பிளாக்காகத்தான் ஆட்களை வகுப்புக்கு அனுப்புவார்கள். எனக்கோ கிடைப்பது ஒரே ஒரு மத்தியானம். எல்லா பிளாக்கையும் சேர்த்து உட்கார வையுங்கள் என்று ஜெயில் அதிகாரியிடம் கேட்டேன். புத்தரின் சங்கத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள் என்று அந்த அதிகாரிக்கே பாடம் எடுத்தேன். "பிரிச்சு வெச்சிருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா" என்றார் அவர். நான் விடுவேனா? கடைசியில், கூடுதலாக வார்டர்களைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம் பெரிய ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடி, மூச்சு போவதையும் வருவதையும் கவனியுங்கள் என்றேன். முன்வரிசையில் ஒருவர் மட்டும் கண்ணை மூடவே இல்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னொருவரும் மூடவில்லை. அவர் பார்வை இவர் முதுகிலேயே இருந்தது.

வகுப்பு முடிந்ததும் முன்வரிசைக்காரரைக் கூப்பிட்டு, சொன்னதைச் செய்ய மாட்டீர்களா என்று பழைய டீச்சர் குரலில் அதட்டினேன். நன்னிலம் பக்கத்து விவசாயி அவர். கண்கள் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில் பங்காளியை மண்வெட்டியால் அடித்துவிட்டார், ஆள் இறந்துபோனார். சுவரோரம் இருந்தவர் அந்தச் செத்துப்போனவரின் மச்சான். அக்கா தாலியை அறுத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் இவருடைய தம்பியை வெட்டிவிட்டு அவரும் உள்ளே வந்திருந்தார். தம்பி பிழைத்துக்கொண்டாலும் ஒரு கை விளங்கவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது என்றுதான் இருவரையும் வேறு வேறு பிளாக்கில் வைத்திருந்தார்கள். அவர்களை ஒரே ஹாலில் கொண்டுவந்து உட்கார வைத்த புண்ணியவதி நான்தான்.

"அவன் பின்னால உக்காந்திருக்கான். நான் எப்படிங்க டீச்சர் கண்ணை மூடுறது?" என்றார்.

அப்புறம் எதற்கு வகுப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "தூக்கம் வரும்னு சொன்னாங்க" என்றார். உள்ளே வந்த நாளிலிருந்து சரியான தூக்கம் கிடையாதாம். படுத்தால் காது மட்டும் முழித்துக்கொண்டே இருக்குமாம். மாத்திரைக்கும் மசியவில்லை. இப்போதெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொள்வதாகவும், இப்படியே போனால் புத்தி பேதலித்துவிடும் என்று பயமாக இருப்பதாகவும் சொன்னார்.

பழையபடி பிரித்துவிடச் சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். "பிரிச்சாலும் அங்க படுத்துக்கிட்டு அவனைத்தான் நெனைச்சுக்கிட்டிருப்பேன். இங்கன்னா எங்க இருக்கான்னு கண்ணால பாத்துக்கலாமுங்க."

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். நம் முறையின்போது மடையில் ஆள் இல்லையென்றால் எவனாவது வந்து அடைத்துவிட்டுப் போய்விடுவான். அதனால் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தர் வரப்பில் துண்டை விரித்துப் படுத்தால் மற்றவர் மடையைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். சனிக்கிழமை வகுப்பில் அதையே செய்யச் சொன்னேன். ஒருவர் கண்ணை மூடட்டும், பக்கத்தில் ஒருவர் காவல் இருக்கட்டும். 'இவர் நல்லா இருக்கணும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்திருப்பதுதான் காவல்காரருக்குத் தியானம். அதைப் புத்தர் மைத்ரி என்பார் என்றேன். பாதிப் பேர் விவசாயிகள் என்பதால் சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

எல்லோரும் ஜோடி சேர்ந்தார்கள். முன்வரிசைக்காரர் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அந்த வம்பு நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிட்டார்கள். சரி, நானே போய் உட்காரலாம் என்று நினைத்தபோது, சுவரோரம் இருந்த மச்சான் எழுந்தார். நேராக முன்வரிசைக்கு நடந்தார். வார்டர்கள் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வந்து இவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இவனுக்கு நான் இருக்கேன் டீச்சர்" என்றார். அவரே தொடர்ந்தார்: "இங்க இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எவன் செஞ்சாலும் கேஸு என் தலையிலதான் விழும். அதுக்கு நானே காவல் இருந்துடறேன்." பிறகு இவர் முகத்தைப் பார்க்காமலே, "மூடுடா" என்றார்.

வேண்டாம் என்று நான் தடுத்திருக்கலாம். வார்டர்கள்கூட என்னைத்தான் பார்த்தார்கள். இருக்கட்டும் என்று தலையசைத்தேன். முன்வரிசைக்காரர் அவரையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடினார். முதலில் இமை துடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் தளர்ந்தது, தலை தொங்கியது, குறட்டை வந்தது.

தியானத்தில் தூங்கக் கூடாது. முகாமில் என்னையே தட்டி எழுப்பியிருக்கிறார்கள். ஒரு வார்டர் எழுப்ப வந்தார். மச்சான் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தூங்கியவர் சாய்ந்து சாய்ந்து மச்சான் தோளிலேயே விழுந்தார். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தோளை நகர்த்தவில்லை. மாற்றிக்கொள்ளும் நேரம் வந்தபோது, "எனக்கு வேணாம் டீச்சர். கெடக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் இவர் விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, யார் தோள் என்று பார்த்துத் திடுக்கிட்டார். இரண்டு பேரும் அவரவர் வரிசையில் அவரவர் பிளாக்குக்குப் போனார்கள்.

சமாதானம் ஆகிவிட்டார்கள் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் மச்சானிடம் நன்றி சொல்லப் போனபோது, "எங்க அக்காவை நெனைச்சா இப்பவும் இவனை வெட்டத்தான் தோணுது" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொல்லிவிட்டுப் போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு சிறைக்கு மாற்றப்படும் வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் அப்படியே உட்கார்ந்தார்.

மனசில் உள்ள பகை தீர்ந்தால்தான் மனுஷனுக்கு இரக்கம் வரும் என்று நானும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்டத் தோன்றுகிறவனுக்கே தோள் கொடுத்து உட்கார்ந்திருந்த அந்த மனுஷனைப் பார்த்த பிறகு, யாரையும் 'இவன் இவ்வளவுதான்' என்று முடிவு கட்ட எனக்கு வாய் வருவதில்லை.