இடைவேளை இல்லாத படம்

எழுபதுகளில் பட்டணத்துத் திரைப்படச் சங்கம் ஒன்றில் நான் உறுப்பினர். அந்தத் தலைக்கனத்தோடு, கும்மிடிப்பூண்டியில் என் பக்கத்து லேத்தில் வேலை பார்த்த நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்றிக் கூட்டிப்போனேன். ஐரோப்பாவில் எந்த நாட்டுப் படம் என்பது மறந்துவிட்டது. ஒரு வயலின்காரரின் வாழ்க்கை, கறுப்பு வெள்ளை.

"ஃபிடிலு வாசிக்கிறவன் கதையா? அப்ப பாட்டு நெறைய இருக்கும்" என்று நண்பர் குஷியாக உட்கார்ந்தார்.

பாட்டே வரவில்லை. வயலின்காரரின் மனைவி பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து விளக்கை அணைத்தார். திரை இருண்டது. நண்பர் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். இந்தப் படங்களுக்கு இடைவேளை கிடையாது என்று முன்பே சொல்லாதது என் தப்புதான்.

திரும்பி வந்தவர் கையில் இரண்டு வடை.

"நான் போவசொல்ல ஜன்னலாண்ட குந்திகினு இருந்தான். இப்பவும் அங்கியே கீறான். நடுவுல இன்னா ஆச்சி?"

ஒன்றும் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், "உஷ்" என்று சொல்லி வடையை வாங்கித் தின்றேன்.

திரும்பும் ரயிலில் பொன்னேரி வரைக்கும் அந்த மௌனத்தின் ஆழத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அதெல்லாம் சரி நைனா. நான் இல்லாத நேரத்துல ஒருத்தராச்சும் அந்த ஆளுக்கு ஒரு டீ குடுத்தாங்களா?"

யாரும் கொடுக்கவில்லை. இமைக்காமல் படம் பார்த்த நான் அதைக் கவனிக்கவும் இல்லை. வடை வாங்கிவர ஆள் இருந்தது எனக்குத்தான்.