பளபளா சாத்திவைத்த ஜன்னல்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். தெருவில் பளபளா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவர். அவர் கைபட்ட மேசையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள், அதில் பொய்யில்லை. ஈர வார்னிஷில் ஒரு தூசி விழுந்தால் வேலை பாழ். அதனால் முப்பது வருடமாக எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்துத்தான் வேலை பார்த்தார். முன்னறையில் வேலை, பின்னறையில் படுக்கை, நடுவில் ஒரு திரை.

மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் அவரும் வார்னிஷில் கலக்கும் தின்னர் டப்பாக்களும்தான். ஒரே மகள் வேறு ஊரில். மூன்று மாதத்துக்கு முன் கைக்குழந்தையோடு ஒரு வாரம் இருக்க வந்தவள், மறுநாளே கிளம்பிவிட்டாள். பேத்திக்கு இழுப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை தன்மையான மனிதர். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா, இந்த நெடி பாப்பாவுக்கு ஒத்துக்கல போல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாக ஏற்பாடு. "பாப்பாவுக்கு ஆகுமான்னு நல்லா விசாரிச்சுச் சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா வர்றோம்" என்று மகள் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டிவிட்டாள். ஆகும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்று மனுஷன் அலைந்தார்.

பெயின்ட் கடைக்காரர், "இருபது வருஷமா இதுக்கு நடுவுலதான் உக்காந்திருக்கேன், எனக்கு என்னண்ணே ஆச்சு?" என்று சொல்லிவிட்டு நன்றாக இருமினார். செல்போன் வீடியோவில் ஒருவர், நாலு தொட்டிச் செடி வைத்தால் விஷத்தையெல்லாம் குடித்துவிடும் என்றார். இன்னொருவர் வெங்காயத்தை நறுக்கி மூலையில் வைக்கச் சொன்னார். மூன்றாமவர் பத்து நிமிடம் பயமுறுத்தி, கடைசியில் காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு மெஷினைக் காட்டி, அதை வாங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்றார். பக்கத்து வீட்டுத் தையல்காரர், "நெடி போச்சுன்னா விஷமும் போச்சுண்ணே" என்றார். அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? இருந்தது. ஆசைதான் அதைப் பேசவிடவில்லை.

ஆனாலும் பேத்தி இழுத்து இழுத்து மூச்சுவிட்ட சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வியாழக்கிழமை நூலகத்துக்குப் போய் அங்கிருந்த நூலகர் அம்மாவிடம் கேட்டார். அவர் கம்ப்யூட்டர் முன் இவரை உட்கார வைத்தார்.

"சொல்றவங்களுக்கு அதுல என்ன கெடைக்குதுன்னு மொதல்ல பாருங்க சார். ஒண்ணும் கெடைக்காதவங்க நாலு பேர் தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொன்னா நம்பலாம்."

நாலைந்து நாட்டுச் சுகாதாரத் துறைகளின் பக்கங்களைத் திறந்து படித்துச் சொன்னார்.

"செடி?" என்றார் பளபளா.

"ரூம் காத்தைச் சுத்தம் பண்ற அளவுக்கு அதால முடியாதாம்."

"நெடி போயிட்டா?"

"நெடியை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதாம். புதுசா வார்னிஷ் அடிச்சதுலேருந்து அந்த ஆவி வாரக்கணக்கா வந்துட்டே இருக்கலாம். ஜன்னலைச் சாத்தினா உள்ளயே தங்கிடும். கண்ணெரிச்சல், தலைவலி, இழுப்பு உள்ளவங்களுக்கு இழுப்பு கூடலாம். கொழந்தைங்கன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்." அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "வீட்ல புதுசா பாலிஷ் போட்டது ஏதாவது இருக்கா சார்?"

"ஒரு தொட்டில் இருக்கு" என்றார்.

பேத்திக்காக அவரே போட்ட பாலிஷ். ஐந்து கோட். நேற்றுத்தான் கடைசிக் கோட் முடித்து, வீட்டை அடைத்துவிட்டு வந்திருந்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பளபளப்பு அவர் கைக்கு வாய்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்டியபிறகு திறந்தது. காற்று வந்தது, கூடவே தெருப் புழுதியும் வந்தது. இன்னும் முழுதாகக் காயாத தொட்டிலின் கைப்பிடியில் பொட்டுப் பொட்டாகத் தூசி ஒட்டியது. பழக்கத்தில் எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். அழுகை வந்தது. முப்பது வருடம் இதைச் சுவாசித்த தன் நெஞ்சைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. அது கிடக்கட்டும் என்று போனை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர வேணாம்மா."

"டிக்கெட் எடுத்தாச்சேப்பா. யாரு சொன்னா? கண்டவங்க பேச்சையெல்லாம் கேக்காதீங்க."

"நான்தாம்மா சொல்றேன்."

தாங்கள் வராவிட்டால் அப்பாவுக்கு அதில் என்ன கிடைக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"நீங்களே சொன்னா சரிப்பா" என்றாள் மெதுவாக. "எப்ப வரலாம்?"

"டப்பாவெல்லாம் வெளிய போகணும், வேலையையும் வேற எடத்துக்கு மாத்தணும். சொல்றேன்."

"தொட்டில் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தூசி விழுந்துடுச்சு" என்றார். "பரவால்லம்மா, விழட்டும்."