'தி' அவர்களுக்கு, 'சைடு' நமக்கு

போன சனிக்கிழமை பழவேற்காட்டில், ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய வேலையை ஆங்கிலத்தின் ஒரு 'தி' தின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

டச்சுக் கல்லறையைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான். உள்ளே ஒரு சுற்றுலா கம்பெனி, கைடு வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. தேர்வு நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த டிரெய்னர். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், "நீங்களும் உட்காருங்க சார், இங்கிலீஷ் எப்படின்னு கவனிங்க" என்றார்.

வந்திருந்தது ஒரே ஒருத்தி. ஜமுனா. ஊர் தோணிரேவு. பொன்னேரியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். ஏரியில் நண்டு பிடிக்கிற அப்பா, பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். இந்த வேலை கிடைத்தால் ஊரோடு இருக்கலாம். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரி வேன்... நைட் ஷிஃப்ட். வேனில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெண் டச்சுக்காரர்கள் கதை அத்தனையையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "டச்சு பீப்பிள் கேம் ஃப்ரம் ஹாலண்ட்..."

"ஸ்டாப்! ஹாலண்ட் இல்ல. தி நெதர்லேண்ட்ஸ். 'தி' ரொம்ப முக்கியம்."

சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஹாலண்ட் என்பது அந்த நாட்டின் ஒரு பகுதி. அதை நாட்டுக்கே பெயராக வைப்பது, மொத்தத் தமிழ்நாட்டையும் கொங்கு என்று சொல்வது போல. பத்திரிகையில் செய்தி திருத்தும் டெஸ்க்கில் இருந்த காலத்தில் நானே எத்தனையோ ஹாலண்டுகளை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

ஜமுனா உடனே திருத்திக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே! "தே கேம் ஃப்ரம் தி நெதர்லேண்ட்ஸ் டு தி பழவேற்காடு."

டிரெய்னர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஊர் பேருக்கெல்லாம் யாராவது 'தி' போடுவாங்களாம்மா?"

"நீங்கதானே சார் போட சொன்னீங்க?"

"அது நாடும்மா."

"அப்போ, தி இந்தியாவா சார்?"

"அது வந்து... அதெல்லாம் எக்ஸெப்ஷன்."

எக்ஸெப்ஷன்! தனக்குத் தெரியாததற்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர். லேண்ட்ஸ் என்பது பன்மை. நெதர்லேண்ட்ஸ் என்றால் தாழ்ந்த நிலங்கள். பல நிலங்களைச் சேர்த்துச் சொல்வதால் முன்னால் ஒரு 'தி'. நம் நீலகிரியை ஆங்கிலத்தில் தி நீல்கிரிஸ் என்கிறோமே, அதே கதைதான். இதைச் சொன்னேன். "கரெக்ட் சார், அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். வராமல் போனது ஏனோ?

அதற்குள் அவருக்கு போன்.

"ஆமா சார், பழவேற்காடு சைடுலதான் இருக்கேன். பொன்னேரி தாண்டி உள்ள... ஒரு பொண்ணு வந்திருக்கு. இல்ல சார், தேறாது. அந்த சைடு ஆளுங்க இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியாதா?"

அந்த சைடு ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த சைடு சார்?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா."

"இல்ல, கேக்கறேன். ஏரிக்கு இந்த சைடா, அந்த சைடா? எங்க ஊருக்கு தோணிரேவுன்னு பேரு இருக்குது சார். 'தி'கூட வாணாம். பேரை சொன்னா போதும்."

"மெயில்ல தகவல் வரும்" என்றார் டிரெய்னர். வராது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

வாசலில் அப்பா கேட்டார். "இன்னாமா ஆச்சி?"

"ஹாலண்ட்னு சொல்லிட்டேன் நைனா."

"ஏன், அது இன்னா கெட்ட வார்த்தையா?"

"நாம சொன்னா கெட்ட வார்த்தைதான்."

அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளிருந்து நாலைந்து வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள். ஒருவர் போட்டிருந்த ஆரஞ்சு டி-ஷர்ட்டில் கொட்டை எழுத்தில் — ஹாலண்ட். டிரெய்னர் ஓடினார். "ஓ, ஹாலண்ட்! வெல்கம், வெல்கம்!"

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். இப்போது மட்டும்?

"அவங்க சொல்லலாம் சார்."

தப்பு வார்த்தையில் இல்லை, அதைச் சொல்கிற வாயில்தான் இருக்கிறது போலும். எங்கோ இருக்கிற ஒரு நாட்டுக்கு 'தி' விட்டுப்போனால் இவர்களுக்குக் காது கூசுகிறது. காலுக்குக் கீழே இருக்கிற ஊருக்கு மட்டும் சைடு, உள்ள, இன்டீரியர்... இதற்கு இலக்கணம் கிடையாதா? பெயரைச் சரியாகச் சொல்வது மரியாதை என்றால், அந்த மரியாதையும் விசா வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தானா?

டிரெய்னர் தேடிய ஆள் எந்த சைடிலும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நேற்று அந்தக் கம்பெனியின் ஆங்கில விளம்பரம் வாட்ஸப்பில் வந்தது. தி நெதர்லேண்ட்ஸ் விருந்தினர்களுக்கு கைடு தேவை. 'தி' இருக்கிறது, கடைசி 'எஸ்' இருக்கிறது, ஒரு பிழை இல்லை. வேலை செய்யவேண்டிய இடம்: பழவேற்காடு சைடு.

அன்றே நம்பர் வாங்கி வைத்திருந்தேன்; ஜமுனாவுக்கு போன் செய்தேன். மறுபடியும் விண்ணப்பித்துவிட்டாளாம். முகவரி கேட்டிருந்தார்களே, என்ன போட்டாய் என்றேன்.

"அந்த சைடுன்னு போட்டுட்டேன் சார். கண்டுபுடிச்சி வரட்டும்!"