ஏலக்கூடத்துத் தரை

சிதம்பரத்தில் நான் ஆங்கிலம் நடத்தும் வகுப்பில், இன்று ஒரு மாணவி ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். நனைந்த சாக்பீஸ் வாசனை எழுந்ததும், கடலூர்ப் பக்கம் எங்கள் குப்பத்து மீன் ஏலக்கூடம் நினைவில் வந்து நின்றது.

ஏலம் முடிந்து கழுவிவிட்ட சிமெண்ட் தரை, ஒட்டிய செதில்கள் மினுங்க, பாதத்தில் ஐஸ் குளிர்ச்சி ஏற, மெல்லக் காயும்; சின்ன வயதில் அதன் ஒரு மூலைதான் நான் சாக்பீஸால் எழுதும் பலகை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மீன்கூடை சுமந்த பெண்கள் என் ஆங்கில வாக்கியங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஒருநாள், 'படகு வந்தபோது ஏலம் முடிந்திருந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதப்போய், 'had' போட மறந்தேன். படகு வந்த பிறகுதான் ஏலம் முடிந்தது என்று ஆகிவிட்டது. அந்தத் தப்பையும் கூடைக்காரப் பெண்கள் பயபக்தியோடு சுற்றிப் போவதைப் பார்க்கக் கூசி, காலால் தேய்த்தேன்.

அம்மா கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! எழுத்த காலால தேய்க்கிற? படிக்காத நாங்களே சுத்திப் போறோம்டி!"

"தப்பா எழுதிட்டேம்மா."

"தப்புன்னா? குனிஞ்சு கையால அழி."

அவள் முகம் வெளிறியிருந்தது. நான் குனிந்து உள்ளங்கையால் அழித்தேன்.

போன வாரம் அம்மாவோடு ஊருக்குப் போனேன். கூடத்தை இடித்திருந்தார்கள், தரையையும் பெயர்த்துவிட்டார்கள், வெறும் மணல். திகைத்துப்போய் அதன் குறுக்கே நேராக நடந்தேன். திரும்பிப் பார்த்தால், நான் எழுதும் மூலை இருந்த இடத்தை அம்மா சுற்றிக்கொண்டு வந்தாள்.