காதர் பாய் திருப்பிய லேப்டாப்

வெல்டிங் வைக்கும்போது உருகும் இரும்பு எப்படி ஓடுகிறது, அதில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் படமாக ஓட்டிக் காட்டுவதுதான் என் பிஎச்.டி. ஆய்வு. நான்கு வருடமாக இதைச் செய்த நான், ஒருவர் வெல்டிங் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. ஆனாலும் திமிருக்குக் குறைவில்லை.

விடுமுறைக்குச் செஞ்சி வந்திருந்தபோது எங்கள் வீட்டு கேட்டின் கீல் உடைந்தது. சிங்கவரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் ஒட்டித்தர வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். லேப்டாப்பைத் திறந்து, "பாய், உருகும்போது உள்ள இன்னா நடக்குதுன்னு பாருங்க" என்று பெருமையாகக் காட்டினேன்.

பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு லேப்டாப்பை வாங்கி, அப்படியே தலைகீழாகப் பிடித்தார்.

"இப்பதான் சரியா இருக்குது. உருகுனது கீழதானே தொங்கும்? கூரைக்கு அடியில நின்னு அண்ணாந்து வெக்கிற வெல்டிங்கா இது? ரொம்ப கஷ்டமான வேலையாச்சேம்மா!"

லேப்டாப்பைத் திரும்ப வாங்கி, கணக்கைத் திறந்து பார்த்தேன். புவியீர்ப்புக்கு முன்னால் போடவேண்டிய மைனஸ் குறியை நான் போடவே இல்லை. நான்கு வருடமாக என் இரும்பு வானத்தை நோக்கி விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

"ஆமா பாய், அதேதான்" என்றேன், கூசாமல்.

ஆய்வேட்டின் தலைப்பில் 'அண்ணாந்து செய்யும் வெல்டிங்' என்று சேர்த்துவிட்டேன். கடினமானதைத் தேர்ந்தெடுத்த என் துணிச்சலை வாய்மொழித் தேர்வில் எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்றிலிருந்து யார் என்னைப் பாராட்டினாலும், காதர் பாய் பக்கத்தில் எங்காவது நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.