பூக்கவிட்ட குதிரைமசால்

குதிரைமசாலைப் பூக்க விடுகிறவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அது மாட்டுத் தீவனம். மொட்டு கட்டுவதற்கு முன்பே அறுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் எங்கள் கிணற்று மேட்டில் மட்டும் நாலு பாத்தி நிறைய ஊதாவாகப் பூத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்து, நைனாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று விசாரித்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

பூக்க விட்டது அத்தை, நைனாவின் ஒரே தங்கை. காவாந்தண்டலத்துக்கு வாழப் போனவள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூட்டுக் காயத்தோடு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமா நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அழைக்க வந்தார். அத்தை போகமாட்டேன் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பயிற்சியில் அவளுக்குக் கொடுத்த இரண்டு தேனீப்பெட்டிகள் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தன. தேன் எடுத்து விற்று என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்வேன், நாலு பாத்தியை மட்டும் பூக்க விடுங்கள் என்றாள். நைனாவால் எல்லார் முன்னாலும் மறுக்க முடியவில்லை.

"தேன் எடுத்துட்டா அவ இங்கயே இருக்கட்டும். இல்லன்னா நானே இட்டாந்து வுட்டுடறேன்" என்று பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்.

அத்தை பனைப் பொந்திலிருந்து கூட்டைப் பிடித்துவந்து பெட்டிகளில் குடிவைத்தாள். தேனீக்கள் எப்போது பூவுக்கு வருகின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. நாலாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவேனே தவிர, இது எனக்குத் தலைகீழ்ப் பாடம். பனி காய்ந்து, வெயில் கிணற்றுச் சுவரைத் தொட்டால் வரும்; உச்சிக்கு முன்னால் திரும்பிவிடும்.

ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நைனா என்னைக் கூப்பிட்டார்.

"பூச்சிங்க எத்தினி மணிக்கும்மா பூவாண்ட வருது?"

அதுவரை என்னை ஒரு ஆளாக மதித்து அவர் எதையும் கேட்டதில்லை. எந்தப் பாத்திக்கு முதலில் வரும் என்பது வரைக்கும் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கெட்டிக்காரி என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பாட்டில் வாங்க உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்துப் பவுடரை வேட்டித் துணியில் மூட்டை கட்டி, பயிருக்கு மேலே தட்டிக்கொண்டே போவார்கள். பனி ஈரத்தில்தான் ஒட்டும் என்று விடிவதற்குள் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு நைனா வெயில் கிணற்றுச் சுவரைத் தொட்ட பிறகு மூட்டையோடு போனார். அசந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அத்தை திரும்பி வந்தபோது பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் குவிந்து கிடந்தன. சில மல்லாந்து சுற்றிக்கொண்டிருந்தன. ஊதாப் பூவெல்லாம் வெள்ளையாக இருந்தது. பக்கத்து வேர்க்கடலைக்கு அசுவினிப் பேன் பரவிவிடும் என்றுதான் தூவினேன் என்றார் நைனா.

"சொல்லியிருந்தா ராவே பெட்டி வாசல அடச்சிருப்பனேண்ணா" என்றாள் அத்தை. செத்தவற்றை முறத்தில் வாரிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டிலேயே புதைத்தாள். நான்தான் ஓவென்று அழுதேன்.

வாக்குத் தவறாதவர் என்று நைனாவுக்கு ஊரில் பெயர். மறுவாரமே பெயரைக் காப்பாற்றிக்கொண்டார்.

அத்தையை நான் கடைசியாகப் பார்த்தது அவரோடு அவள் புறப்பட்ட அன்றுதான். மூன்றாம் மாதம், ஸ்டவ் வெடித்துவிட்டது என்று காவாந்தண்டலத்திலிருந்து ஆள் வந்தது. நைனா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் அவரை மன்னிக்க முடியவில்லை.

புறப்பட்ட அன்று நைனா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அத்தை குனிந்து, அவிழ்ந்திருந்த என் ரிப்பனைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"பூச்சி வர்ற நேரத்த யாராண்டனா சொன்னியா?"

நைனாவிடம் மட்டும் என்றேன், பெருமையாக. ரிப்பனை மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

"சொன்னேன்னு யாராண்டயும் சொல்லாத, கண்ணு."

அடுத்த வருஷமும் பெட்டி வைக்க வரப்போகிறாள், அதற்குத்தான் இந்த ரகசியம் என்று எண்ணிக்கொண்டு நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.