தண்டல் கொடுத்துப் போன பவர்

பத்திரம் எழுதுகிறவர்கள் முற்றுப்புள்ளியை நம்புவதில்லை. முதல் பக்கத்தில் தொடங்கும் எங்கள் வாக்கியம், சம்மதித்து, ஒப்புக்கொண்டு, உறுதிகூறி, மூன்றாம் பக்கத்தில் சாட்சிகளின் கையெழுத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் மூச்சு விடும். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவன் என்ற முறையில் அவ்வளவாக இல்லை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிப் பத்திர ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு மேசையும் இரண்டு பெஞ்சுகளும் இருந்தன. அப்படி ஒரு பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்து, "நாளைக்கு வாங்க" என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம். கிரயப் பத்திரம் எழுத வருகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். பவர் பத்திரம் எழுத வருகிறவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்கிற எங்களுக்கே சில சமயம் பிறகுதான் தெரியும்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால்

ஐப்பசியில் ஒரு காலை, மிக்கேலும் அவர் மனைவி புஷ்பமும் வந்தார்கள். மிக்கேல் தோணித் தண்டல்; அதாவது, கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ அப்படித் தோணிக்கு அவர். ஐந்தாம் நாள் மாலத்தீவுக்குப் புறப்பாடு. அவருக்கும், பம்பாயில் வேலை பார்க்கும் அண்ணன் ராயப்பனுக்கும் சேர்த்து அப்பா விட்டுப்போனது ஒரே வீடு. அந்த வீட்டுக்கு ஒரே அடுப்படி. புஷ்பமும் ராயப்பன் மனைவியும் பதினோரு வருஷமாக அதில் முறை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பாகம் பிரிக்கலாம் என்றால் ராயப்பன் ஒவ்வொரு லீவிலும் "அடுத்த லீவுல" என்பார். அவரே இந்த முறை, கிறிஸ்மஸுக்கு வருகிறேன், முடித்துவிடுவோம் என்று கடிதம் எழுதியிருந்தார். அதற்குள் மிக்கேல் கரை திரும்புவார் என்று சொல்ல முடியாது; காற்றைப் பொறுத்தது. புஷ்பத்துக்கு வேண்டியது தனி அடுப்படி. அதற்கு வேண்டியது மிக்கேல் தரும் பவர்.

நான் விளக்கினேன். "நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்களுக்குப் பதிலாக அவர்கள் கையெழுத்துப் போடலாம். சொத்து உங்கள் பேரில்தான் இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் ரத்து செய்துகொள்ளலாம்." மிக்கேல் தலையாட்டினார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பொது அதிகாரப் பத்திரத்தின் மாதிரி ஒன்றை எடுத்து, என் நடையழகைக் காட்டும் ஆசையில் உரக்க வாசித்துவிட்டேன். விற்கவும், அடமானம் வைக்கவும், வாடகைக்கு விடவும், வழக்காடவும், வக்கீல் அமர்த்தவும், சமாதானமாகப் போகவும் என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு "வும்"முக்கும் மிக்கேல் பெஞ்சில் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தார். நகர இடமில்லாமல் போனபோது மெதுவாகக் கேட்டார்:

"இம்புட்டையும் அவகிட்ட குடுத்துட்டா, வீட்டுல எனக்கு என்ன சோலி அண்ணாச்சி?"

மிக்கேலின் பட்டியல்

அப்படியானால் தனி அதிகாரப் பத்திரம் போதும் என்றேன். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டும் அதிகாரம் கொடுப்பது; இங்கே பாகப்பிரிவினைக்கு மட்டும். அதில் கொடுக்காத எதுவும் கொடுக்கப்படவில்லை என்றுதான் பொருள். ஆகவே எதையெல்லாம் செய்யக் கூடாது என்று எழுதத் தேவையே இல்லை. இதை இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் மிக்கேல் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செய்யக் கூடாதவற்றின் பட்டியலோடு வந்து நின்றார். வீட்டை விற்கக் கூடாது. அப்பாவின் இரும்புப் பெட்டியை அண்ணனுக்குக் கொடுக்கக் கூடாது. முற்றத்து முருங்கையில் கை வைக்கக் கூடாது. வலை வைக்கிற சாய்ப்பைப் பிரிக்கக் கூடாது.

வாடிக்கையாளர் விருப்பம். "மேற்படி முருங்கை மரத்தை வெட்டவோ, கிளை தறிக்கவோ, பிறரைக்கொண்டு தறிப்பிக்கவோ மேற்படி ஏஜெண்டுக்கு யாதொரு அதிகாரமும் இல்லையென்றும்" என்று எழுதி, அதை எனக்கே ஒரு தடவை வாசித்துக் காட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வரி எனக்கு மனப்பாடம். கூடவே வந்திருந்த புஷ்பம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"அப்படியே, நான் மூச்சு விட்டுக்கிடலாம்னும் ஒரு வரி சேத்துருங்க அண்ணாச்சி."

சொல்லக் கூடாத ஒன்று

இந்த மாதிரிப் பவரைப் பத்திர ஆபீசில் நேரில் வந்து கொடுக்க வேண்டும். புறப்பாட்டுக்கு முந்தின நாள் மிக்கேல் தன் தோணியாட்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிவந்திருந்தார். எனக்கு ஒரு கடமை பாக்கியிருந்தது. பவர் கொடுத்தவர் இருக்கும்வரைதான் பவர் இருக்கும். அவர் போய்விட்டால் அந்த நிமிஷமே அதுவும் போய்விடும். வேலூரிலோ கோயம்புத்தூரிலோ இதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாளைக்குப் பாய் விரிக்கப் போகிறவர் முன்னால், அதுவும் அவர் மனைவியை வைத்துக்கொண்டு, இந்தக் கரையில் சொல்ல முடியாது.

சுற்றி வளைத்துப் பார்த்தேன். "தண்டல் அவர்களுக்கு ஏதும் அசந்தர்ப்பம் நேரும் பட்சத்தில்" என்று தொடங்கினேன். சாட்சிகளில் ஒருவர் எழுந்து நின்றார். "நிரந்தரமாக ஓய்வெடுத்துக்கொள்ள நேர்ந்தால்" என்று மாற்றினேன். இரண்டாமவரும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சாட்சிக்கு நான் புதுக்கோட்டை வரை ஆள் தேடிப் போயிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு மைப்பெட்டியை நீட்டினேன். பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டே மூத்த சாட்சி எனக்குப் புத்தி சொன்னார்:

"கடலுக்குப் போறவன்கிட்ட, வரும்போது எங்களுக்கு என்ன கொண்டாருவேன்னு மட்டுந்தான் கேக்கணும் அண்ணாச்சி."

ஒரு வரி

ராயப்பன் சொன்னபடியே கிறிஸ்மஸுக்கு வந்தார். பாகப் பத்திரத்தை நான் எழுதி முடித்து, பதிவுக்குப் போன நாள் அவர் லீவின் கடைசி நாள். மறுநாள் பம்பாய் ரயில். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. இதற்கிடையில் வேறொன்று நடந்திருந்தது. மிக்கேலின் தோணி திரும்ப வேண்டிய நாள் தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதே வாரம் மாலத்தீவுக்குப் போன மற்றத் தோணிகள் வந்து சேர்ந்துவிட்டன. அவர் தோணியை வழியில் யாரும் பார்க்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். புஷ்பத்தின் காதுபட ஒருவரும் பேசவில்லை.

சார்பதிவாளர் அந்த மாதம்தான் மேற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர், கடலைப் படத்தில் பார்த்தவர். பவரைப் புரட்டிவிட்டு, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். "பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா?" ஆபீசில் பேனாக்கள் நின்றன. ராயப்பன் தரையைப் பார்த்தபடி, "தம்பி வரட்டும் சார், அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்" என்றார். பதினோரு வருஷத்துக் காத்திருப்பு அந்த ஒரு சொல்லில் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. "இருக்கிறார் என்று ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தால் எனக்குப் போதும்" என்றார் சார்பதிவாளர். அவர் அறியாமல் கேட்டது என்ன என்பது எனக்குத் தெரியும். அடுப்படி வேண்டும் என்றால், தானே தன்னிடம் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்விக்கு அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

நான் தாளை எடுத்து வழக்கப்படி எழுதினேன்: "எனக்குத் தெரிந்தவரையிலும், நான் நம்புகிறவரையிலும்." நாளைக்கு ஏதாவது தவறாகிப்போனால் எழுதியவரைக் காப்பாற்றுகிற வரி அது, என் தொழிலில் அதுதான் கவசம். வாசித்துக் காட்டினேன். புஷ்பம் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த இடத்தில் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மிச்சம் நின்றது, "என் கணவர் மிக்கேல் உயிருடன் இருக்கிறார்" என்ற ஐந்து சொற்கள்தான். அதன் கீழே கையெழுத்துப் போட்டார். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சின்ன வாக்கியம் அது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"தெரிஞ்சவரைக்கும்னு எதுக்கு அண்ணாச்சி? அவிய இருக்காவ. அது போதும்."

யார் மேல் கோபம்?

தை பாதியில் மிக்கேல் வந்து சேர்ந்தார். சுக்கான் ஒடிந்து, ஏதோ ஒரு தீவில் கரையேற்றி, மரம் கிடைக்காமல் கிடந்திருக்கிறார்கள். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நானும் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் மறுநாள் உச்சி வெயிலில் அவரே என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கறுத்து, மெலிந்து, கை கூடச் சரியாகக் கழுவாமல், கோபமாக.

"தெருவாசலை அண்ணனுக்குக் குடுத்துட்டா அண்ணாச்சி. எனக்குப் பின்கட்டு. ஒரு தண்டல் தன் வீட்டுக்குச் சந்து வழியா போகணுமா?"

"பின்கட்டில்தானே கிணறும் அடுப்படியும்?" என்றேன்.

"அதுக்குத்தான் எடுத்திருக்கா. கேட்டா, வாசல்ல நின்னுக்கிட்டு சோறு பொங்க முடியுமாங்கா. இந்தப் பவரை ரத்து பண்ணிருவோம்."

பவர் நகலை எடுத்துப் பார்த்தோம். முருங்கைக் கிளை வரைக்கும் யோசித்த மனிதர், எந்தப் பாதி தனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லவேயில்லை. முருங்கை வரியின் அழகில் மயங்கிக் கிடந்த நானும் கேட்கவில்லை. என் பிழையை ஒப்புக்கொள்வதா, சட்டத்தின் பின்னால் ஒளிவதா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒளிந்துகொண்டேன். "ரத்து செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் போட்ட கையெழுத்து நிற்கும். பவர் ஏஜெண்ட் போட்டால் அது நீங்கள் போட்டதுதான். ஆகவே தெருவாசலை விட்டுக்கொடுத்தது, சட்டப்படி, நீங்கள்."

"நானா?"

"நீங்களேதான். அன்றைக்கு மாலத்தீவுப் பக்கம் இருந்தீர்கள் என்பது வேறு விஷயம்."

"அப்போ அவ மேல கோவப்பட முடியாதா?"

"சட்டத்தில் இடமில்லை."

 மிக்கேல் விரலில் காய்ந்திருந்த குழம்பைப் பார்த்துவிட்டு எழுந்தார்:

"தப்புப் பண்ணினவனே கோவிச்சுக்கிட்டு, அவ தனி அடுப்புல எனக்குப் பொங்கின மொத சோத்தைப் பாதியில வச்சுட்டு வந்திருக்கேன். கொழம்பு ஆறிரும் அண்ணாச்சி, நான் வாரேன்."

இத்தனை வருஷம் பவர் எழுதியதில் நான் கண்டுகொண்டது என்னவென்றால், பாதி வீடுகளில் நாங்கள் யாருக்கும் புதிதாக அதிகாரம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஆட்சிக்கு முத்திரைத்தாள் மட்டும் வாங்கிக் கொடுத்தோம்.